மறைந்த மகனுடன் பேச முயன்ற மகாகவி

1927-ஆம் ஆண்டு மகாகவி ரவீந்திரநாத் தாகூர் மலாயாவுக்கு வந்தார். சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று ஊர் ஊராகச் சென்று உரையாற்றினார். நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் என்ற பெருமை அவருக்கு முன்னே நடந்தது. அப்போது அவருக்கு வயது 66. மாலை மரியாதைகளை ஏற்றுக்கொண்ட அந்தப் பெரியவர், மனைவியையும் தம் ஐந்து பிள்ளைகளில் மூவரையும் அதற்குள் பறிகொடுத்திருந்தார்.

தாகூர் 1861 மே 7-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தவர். தாயார் சாரதா தேவி இறந்தபோது அவருக்கு வயது 13. அதன் பிறகு அவரைப் பரிவோடு பார்த்துக்கொண்டவர் அண்ணி காதம்பரி. அவருடைய கவிதைகளுக்கு முதல் ரசிகையும் அவர்தான். 1884-இல், தாகூருக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆன நிலையில், காதம்பரி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை.

1902 நவம்பர் 23-ஆம் தேதி மனைவி மிருணாளினி நோயால் மறைந்தார். மறு ஆண்டு மகள் ரேணுகா காசநோய்க்குப் பலியானாள். அவளுக்கு வயது 12 தான். 1907-இல் இளைய மகன் சமீந்திரநாத் விடுமுறைக்குச் சென்ற இடத்தில் காலராவால் இறந்தான். அவன் இறந்ததும் நவம்பர் 23-ஆம் தேதியே. தாய் மறைந்த அதே தேதியில் பிள்ளையும் போனான். 1918-இல் மூத்த மகள் மாதுரிலதாவும் காசநோயால் மறைந்தார்.

மலாயாவிலிருந்து திரும்பி இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் சாந்திநிகேதனுக்கு உமா என்ற இளம்பெண் வந்தார். அங்கு முன்பு ஆசிரியராக இருந்த மோகித் சந்திர சென்னின் மகள் அவர். கவிதை எழுதக்கூடியவர். இறந்தவர்களின் ஆவி தம் கை வழியாக எழுதுவதாக அவர் சொன்னார். கவிஞர் அவரை அருகில் அமர வைத்தார்.

உமாவின் கையில் பென்சில், முன்னால் வெறும் தாள். மறைந்தவரை மனதில் நினைத்துக் கவிஞர் கேள்வி கேட்பார். பென்சில் ஓடும். பக்கத்தில் இருப்பவர்கள் கேள்வியையும் பதிலையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். இப்படிப் பல அமர்வுகள் நடந்தன. மனைவி, மகன் சமி, மகள் மாதுரிலதா, அண்ணன் ஜோதிரிந்திரநாத், நண்பர் சுகுமார் ராய் என்று பலர் வந்து பேசியதாக அந்தக் குறிப்புகள் சொல்கின்றன. பின்னாளில் இவற்றை வங்காள இதழாளர் அமிதாப சௌத்ரி நூலாகவே எழுதினார்.

முதலாம் உலகப் போரில் பிள்ளைகளை இழந்த ஐரோப்பியக் குடும்பங்கள் பல இதே வழியை நாடியிருந்தன. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், இறந்த மகனுடன் பேசிவிட்டதாக நம்பி நாடு நாடாகப் பிரசாரம் செய்தார். தாகூர் அப்படிச் செய்யவில்லை. எழுதுவது ஆவியா, உமாவின் சொந்த மனமா என்ற ஐயம் அவருக்கு இருந்தது. அந்தப் பெண் பொய் சொல்ல வேண்டிய காரணம் எதுவும் இல்லை என்றும் அவர் எண்ணினார். அறியாத ஒன்றை அடியோடு மறுக்கவும் அவர் தயாராக இல்லை. அதை ஊரைக் கூட்டி நடத்தாமல், நெருங்கியவர்களோடு வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அந்த ஏக்கம் நம் மக்களுக்கும் புதிதல்ல. கிள்ளான் கடலோரத்தில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த பிறகும், தீபாவளிக்கு முதல் நாள் தாத்தாவுக்குப் பிடித்த பலகாரத்தை வாழை இலையில் வைத்துப் படைக்கிறோம். தோட்டத்துக் கோயிலில் சாமி வந்து இறங்கினால், போன பிள்ளை நிம்மதியாக இருக்கிறானா என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்புறத்துக்குக் குடிவந்தவர்களும் குறி கேட்பதை விட்டுவிடவில்லை. ஆறுதல் தேடிப் போகிறவர்களின் கண்ணீரைக் காசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பரிகாரம், கழிப்பு என்று பட்டியல் நீளும்போது, துக்கத்தோடு கடனும் வீட்டுக்கு வந்து சேருகிறது. கேட்பது தவறல்ல, கேட்ட பதிலுக்கு அறிவை அடகு வைக்கத் தேவையில்லை என்பதைத் தாகூரின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

இறந்தவர்களோடு அவர் கொண்ட உறவு அந்தப் பென்சிலோடு தொடங்கியதும் அல்ல, முடிந்ததும் அல்ல. மனைவியின் நினைவாக அவர் எழுதிய கவிதைகள் 'ஸ்மரண்' என்ற நூலாயின. தாயில்லாப் பிள்ளைகளைத் தேற்ற எழுதியவை 'சிசு' என்ற தொகுப்பாயின. அடுத்தடுத்த சாவுகளுக்கு நடுவிலும் சாந்திநிகேதன் பள்ளியை அவர் மூடவில்லை. தம் பிள்ளைகள் போன பின் ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்.

1932-இல் இன்னோர் இடி விழுந்தது. மகள் மீராவின் ஒரே மகன் நீதிந்திரநாத், 20 வயதில் ஜெர்மனியில் காசநோயால் இறந்தான். மகளைத் தேற்ற 71 வயதுத் தந்தை கடிதம் எழுதினார். சமி இறந்த பிறகு ரயிலில் திரும்பிய இரவை அதில் நினைவுகூர்ந்தார். வானம் முழுவதும் நிலா வெளிச்சம் நிறைந்திருந்ததாம். எதிலும் ஒரு குறை தெரியவில்லையாம். அந்த முழுமைக்குள்தான் எல்லாரும் இருக்கிறார்கள், தாமும் இருக்கிறோம், தாம் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது என்று அன்று மனம் சொன்னதாக மகளுக்குத் தெரிவித்தார்.

1941 ஆகஸ்டு 7-ஆம் தேதி, தாம் பிறந்த அதே கல்கத்தா வீட்டில் தாகூர் காலமானார். அந்த ஆண்டிலும், உடல் தளர்ந்த நிலையில், கவிதை சொல்லிப் பிறரை எழுத வைத்துக்கொண்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.