சமண இல்லத்தில் பாடங்கேட்ட தமிழாசிரியர்

திருவேங்கடத்துக்கு அண்மையிலுள்ள கழுகுமலையை நம் குடும்பங்களில் தரிசிக்காதவர் குறைவு. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்தில் பொறித்த பெயர்கள் பல உள்ளன. இன்னாருடைய மாணாக்கர் என்று தம் ஆசிரியர் பெயரோடு தம்மைக் குறித்துக்கொண்டவர் அவருள் பலர். குரத்தியர் எனப்பட்ட பெண்ணாசிரியரும் அவருள் உண்டு. எட்டாம் நூற்றாண்டளவில் தழைத்த அக்கல்விமரபு பின்னாளில் நம் இல்லங்களில் எவ்வாறு உயிரோடிருந்தது என்பதை அறிய, மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வரலாற்றை நாம் நினைவுகூர்தல் வேண்டும்.

ஐயரவர்கள் 1855 பிப்ரவரி 19 அன்று, கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். இளமையில் தமிழ் கற்பிப்பார் இருக்கும் ஊர்களை நாடி, தந்தையாரோடு ஊர் ஊராகச் சென்றார். பின்னர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். அங்கே மணியடிக்கும் வழக்கமில்லை, தேர்வுமில்லை. ஆசிரியர் எங்கு அமர்ந்தாரோ அதுவே வகுப்பு. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் நாள்தோறும் பாடமாயின. சவராயலு நாயகர் என்னும் கிறித்தவரும், நாகூர் குலாம்காதிறு நாவலர் என்னும் இசுலாமியரும் அப்பெரியாரின் மாணாக்கரே. கற்க வந்தவரின் சமயத்தை அவர் கருதவில்லை.

1876-இல் பிள்ளையவர்கள் மறைந்த பின், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் ஐயர் பாடங்கேட்டார். தேசிகர் நம் தென்காசியை அடுத்த மேலகரத்தில் தோன்றியவர் என்பது இவ்வட்டாரத்தாருக்கு மகிழ்வூட்டும் செய்தி. 1880 பிப்ரவரியில், தியாகராச செட்டியாரின் பரிந்துரையால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஐயர் தமிழாசிரியரானார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் அவர் கற்ற நூல்களைக் கேட்டறிந்தார். ஐயர் அடுக்கிய நூல்களின் நீண்ட வரிசை அவரை வியப்பில் ஆழ்த்தவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அதனைக் கண்டதுமில்லை. முதலியார் தந்த பிரதியைப் பிரித்தபோது, நடை தமிழாக இருந்தும் பொருள் விளங்காத இடங்கள் மிக்கிருந்தன. அருக சமயத்தின் கொள்கைகளும் மரபுச்சொற்களும் அவர் அதுகாறும் கற்ற எந்நூலிலும் விளக்கம் பெற்றிருக்கவில்லை.

நாமும் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பல்லாண்டு வகுப்பறையில் நின்றவர்கள். பாடக்குறிப்பு எழுதவும், கரும்பலகையைப் பயன்படுத்தவும், வினாக்களை முறைப்படுத்தவும் அங்கே பழக்குவார்கள். ஆசிரியர் தமக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டு பிறரிடம் சென்று கற்கும் திறத்தை எப்பயிற்சியும் தருவதில்லை. கல்லூரியில் பதவி பெற்ற ஒருவர்க்கு அது மேலும் அரிது. ஐயர் அதனைச் செய்தார்.

கும்பகோணத்திலேயே சமணர் வாழ்வதை நண்பர் வாயிலாக அறிந்து, அவர் அங்கே சென்றார். சந்திரநாத செட்டியார் இல்லத்து வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. திருமணமோ பண்டிகையோ என எண்ணிய ஐயருக்குக் கிடைத்த விடை வியப்பளித்தது. சிந்தாமணி சிரவணம் அன்று நிறைவுற்றது என்றனர். கல்லூரிகள் அறியாத பெருங்காப்பியத்தைச் சிராவகர் தம் இல்லத்தில் முறையாகப் படித்து, கேட்டு, விழாவெடுத்து நிறைவு செய்துகொண்டிருந்தனர்.

அன்றுமுதல் கல்லூரியில் ஆசிரியராகவும், சமண இல்லங்களில் மாணாக்கராகவும் ஐயர் வாழ்ந்தார். செட்டியாரிடமும், வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய அறிஞரிடமும் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். ஸ்ரீபுராணம் முதலிய நம் நூல்களைக் கற்றார். நம் பெண்டிரும் அந்நூல்களைக் கேட்டறிந்து பொருள் சொல்லும் பயிற்சியுடையவராக இருந்ததைக் கண்டார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட அவ்வில்லத்து அம்மையார் ஒருவர், இவர் பவ்விய ஜீவன் போலும் என்றாராம். வீடுபேறு அடையும் தகுதி வாய்ந்த உயிர் என்பது அதன் பொருள். பட்டங்களுள் இதற்கு நிகரானது வேறில்லை என்பது நம் கருத்து.

சிந்தாமணிக்கு உரைகண்ட நச்சினார்க்கினியரும் சமணர் நூல்களைக் கற்றபின் தம் உரையைத் திருத்தி எழுதினார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவ்வுரையோடு காப்பியம் முழுவதையும் 1887-இல் ஐயர் பதிப்பித்தார். சைவராயிருந்து சமண நூலை வெளியிடலாமா எனக் குறைகூறியோர் இருந்தனர். அவர் பின்வாங்கவில்லை. அப்பதிப்பைத் தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு முதலியன அவர் கையால் வெளிவந்தன.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய ஐயர், 1919-இல் ஓய்வு பெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். அக்கல்லூரி பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. பல்கலைக்கழக வகுப்பில் மாணவராய் அமர்ந்தறியாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் டாக்டர் பட்டம் அளித்தது. 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நமக்குரிய பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு அமைதல் தகாது. அன்று கேள்வியோடு வந்தவர்க்கு விடைகூற நம் இல்லங்களில் ஆள் இருந்தனர். இன்று நம் பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் கற்று உயர்கின்றனர், அது நன்றே. ஆயினும் ஒரு மாணவர் சிந்தாமணியைக் கையிலேந்தி நம் வாயிலில் நின்று, பவ்விய ஜீவன் என்றால் என்னவென்று வினவினால், விடைகூற எத்தனை வீடுகளில் ஒருவர் இருப்பார்? உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் நால்வகைத் தானத்துள் நம் முன்னோர் வைத்தனர். தம்மிடம் இல்லாததை எவரும் கொடுத்தல் இயலாது. ஆதலின் இவ்வாண்டு, மாலையில் கால்மணி நேரமேனும், வீட்டுக்கொரு நூலை எடுத்துச் சிறுவரும் பெரியோரும் கூடியிருந்து படிப்போமாக. மீண்டும் ஓர் ஐயர் வருவாரேல், தோரணம் கட்டிய வாயில் அவருக்காகக் காத்திருக்கட்டும்.