கடலாழம் கண்ட கூஸ்தோ

பிரெஞ்சு தேசத்தில் 1910-ம் ஆண்டு பிறந்த ஜாக் கூஸ்தோ, கடற்படை விமானியாகப் பயில்கையில், மோட்டார் விபத்தொன்றில் கைகள் முறிந்து அவ்வெண்ணத்தைத் துறந்தார். கைவலிமை மீளும்பொருட்டுத் தூலோன் கடலில் நீந்தி வந்தவர், 1936-ல் கண்ணாடியணிந்து நீருள் நோக்கினார். பின்னர் அவர் சிந்தை கரை திரும்பவேயில்லை. மூச்சிழுக்குந்தோறும் வேண்டுமளவே காற்றையளிக்கும் கருவியை, 1943-ல் காஞான் என்னும் பொறியியலாருடன் கூடி அமைத்தார். குழாய்க்குக் கட்டுண்டிருந்த மனிதன் மீனென உலவலானான். ஆயின் கடல் விலை கேளாதிருக்கவில்லை. 1947-ல் அவர் தோழர் ஃபார்க், 120 மீட்டர் ஆழத்திற் பலகையில் கையொப்பமிட்டவர், உயிருடன் மீளவில்லை. அத்துயரைச் சுமந்தும் கூஸ்தோ இறங்கினார். 1952-ல் மார்செயில் நகரருகே, கிரான் கொங்லுவே தீவின் செங்குத்துப் பாறைச்சுவரை ஒட்டி ஏறக்குறைய 40 மீட்டர் சென்று, அதனடியிற் புதைந்த பண்டை மரக்கலங்களைக் கண்டார். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மதுச்சாடிகள் வெயிலைக் கண்டன. அப்பணியிலும் ஒரு முக்குளிப்பவர் மாண்டார். கூஸ்தோ 1997-ல் காலமாகி, பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.