அருவியில் ஒளி கண்டவர்

காந்தத்தின் அருகே கம்பிச் சுருள் அசையுமிடத்து அக்கம்பியில் மின் பிறக்கும் என்னும் உண்மையை மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அன்று தொட்டு மின்னாக்க நிலையங்களிற் பெரும்பாலானவற்றின் தொழில் ஒரு சில்லைச் சுழற்றுவதேயாகும். நிலக்கரியை எரித்து நீரைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியின் வேகத்தாற் சுழற்றலாம். எண்ணெயை எரித்து எந்திரத்தால் இயக்கலாம். மலையினின்று விழும் நீரைக் கொண்டும் திருப்பலாம். எதனாற் சுழற்றுவது என்பதே ஒவ்வொரு நாடும் விடை காணவேண்டிய வினா. இலங்கைக்கு அவ்விடையைக் கூறி, அது நிறைவேறும்வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த பெரியார் ஒருவர் உளர். அவரே டி. ஜே. விமலசுரேந்திரா.

1874 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17 ஆம் நாள் காலியிற் பிறந்த இவர், கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் பின்னர்த் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்று, பகிரங்க வேலைப் பகுதியிற் சேர்ந்தார். உயர்பதவிகள் ஆங்கிலேயருக்கே உரியனவாயிருந்த காலம் அது. இந்நாட்டவன் ஒருவன் பெருந்திட்டம் ஒன்றை வகுத்துரைத்தால் அதனைச் செவிமடுப்போர் அரியர்.

சிவனொளிபாத மலைச்சாரலிற் பொன் உண்டோ என ஆராயும் அரசாங்கப் பணியொன்றின் பொருட்டு இவர் மஸ்கெலியாப் பகுதிக்கு அனுப்பப்பட்டார் என்பர். பொன்னைத் தேடியவரின் கண்ணிற் பட்டது நீர். களனி கங்கைக்கு நீரூட்டும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலைமுகடுகளிலிருந்து அருவிகளாய் வீழ்ந்து வீணே கடலை நோக்கி விரைவதை அவர் கண்டார். விழும் நீரின் அளவையும் விழும் உயரத்தையும் பெருக்கினால் அதனிடத்து அடங்கிய வலு புலனாகும். அக்கணக்கு அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

கொழும்புக் கோட்டையில் 1895 ஆம் ஆண்டிலேயே மின்னொளி தோன்றிவிட்டது. எனினும் இலங்கை மண்ணில் நிலக்கரி இல்லை, எண்ணெயும் இல்லை. எரிபொருள் முழுவதும் கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதித்தால் விளக்கு மங்கும். விலை ஏறினால் நாட்டின் செல்வம் புறம்போகும். அருவிக்கோ கப்பற் கூலி இல்லை. இவ்வெண்ணத்தைச் செயலிற் காட்டுவார்போல, 1912 ஆம் ஆண்டில் நுவரெலியா நகருக்கு ஒளியூட்டும் சிறு நீர்மின் நிலையமொன்றை, நகருக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் அமைத்தார்.

1918 ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை, நாட்டின் நீர்வலுவைப் பயன்படுத்துவதால் விளையும் பொருளாதார நன்மைகளை எடுத்துரைத்தது. முதல் உலகப் போர் அப்போது முடிவுறும் தறுவாயில் இருந்தது. எரிபொருட் பஞ்சத்தை நேரிற் கண்ட அக்காலத்திலும் ஆட்சியாளரின் உள்ளம் எளிதில் இளகவில்லை. 1924 ஆம் ஆண்டில் லக்சபானத் திட்டத்தின் வேலைகள் தொடங்கப்பெற்றன. ஆயின் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டன. 1929 ஆம் ஆண்டிற் கொழும்பை அடுத்த கொலன்னாவையில் எழுந்ததோ, கடல்கடந்து வரும் எரிபொருளை நம்பிய நிலையமாகும்.

பதவியினின்று ஓய்வுபெற்றபின்னும் அவர் ஓயவில்லை. 1931 ஆம் ஆண்டில் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பொறியியலாளராய்க் கூறி எடுபடாததை மக்கள் பிரதிநிதியாய் வற்புறுத்தினார். திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. ஈற்றில் 1950 ஆம் ஆண்டில், குழாய்வழியே பாய்ந்த மலைநீர் பெல்டன் சில்லின் கிண்ணங்களில் மோதிச் சுழற்ற, லக்சபான நிலையம் 25 மெகாவாட் வலுவுடன் இயங்கலாயிற்று. எழுபதைக் கடந்த முதியவராய் விமலசுரேந்திரா அதனைக் காணும் பேறு பெற்றார். 1953 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 10 ஆம் நாள் அவர் மறைந்தார். 1965 ஆம் ஆண்டில் நோர்ட்டன் பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாட் நீர்மின் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றில் மகிழ்ச்சி மட்டுமன்று, நாணவேண்டியதும் உண்டு. அந்த மலைச்சாரலிற் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் லயன்களிற் பல, தலைக்கு மேலே மின்கம்பிகள் செல்லவும், நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயே கிடந்தன. மின்னை ஆக்குவது ஓர் அறம். அதனைப் பகிர்ந்தளிப்பது மற்றோர் அறம். முதலாவதை ஒரு பொறியியலாளர் தம் வாழ்நாளைக் கொடுத்து நிறைவேற்றினார். இரண்டாவது ஒருவரால் முடிவதன்று.

நீரை மட்டும் நம்பியிருத்தலும் போதாதென்பதைக் காலம் காட்டிற்று. 1996 ஆம் ஆண்டின் வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடு நீண்ட மின்வெட்டில் இருண்டது. 2011 ஆம் ஆண்டில் நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் மின் வழங்கத் தொடங்கிற்று. அதற்குரிய கரி மீண்டும் கப்பலிலேயே வந்தது. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவின் கரையில் 103.5 மெகாவாட் வலுவுடைய காற்றாலைகள் திறந்துவைக்கப்பட்டன. சில்லைச் சுழற்றாமலே கதிரவனின் ஒளியை மின்னாக்கும் தகடுகளும் கூரைகளில் ஏறின. காற்றும் வெயிலும் எவரிடமும் விலைக்கு வாங்கவேண்டியன அல்ல. விமலசுரேந்திராவின் கணக்கு நீரோடு நின்றுவிடுவதன்று. நம்மிடத்துள்ள வலுவை முதலில் அளந்தறிக, பின்னரே பிறரிடம் கையேந்துக என்பதே அக்கணக்கின் விடையாகும்.