சிறையிலே கனிந்த பொறுமை



நெளுக்குளத்திலிருந்து மன்னார் வீதி வழியாக மடு அன்னையிடம் யாத்திரை போகும்போது எத்தனையோ மன்றாட்டுக்களைச் சுமந்து செல்கின்றீர்கள். பிள்ளையின் படிப்பு, மகளின் கலியாணம், வீட்டாரின் சுகம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் வேலி எல்லைக்காக வாதாடும் அயலவரைப் பொறுத்துக்கொள்ளவும், வீட்டிலே ஓயாது குறை சொல்லும் ஒருவரைத் தாங்கிக்கொள்ளவும் வரம் கேட்டதுண்டா?

அதைக் கேட்பதற்கு நமக்கு நல்லதொரு வழித்துணை உண்டு. 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலிலே ஒருவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்றைய தினமே மடுவுக்கும் வந்தார். அப்படி உயர்த்தப்பெற்றவரே இலங்கையின் அப்போஸ்தலர் புனித யோசேவ் வாஸ் அடிகளார்.

1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்து, 1676இல் குருவானவரானார். மறு வருடம், 1677இல், தம்மைத் தேவதாயின் அடிமையாக எழுத்தில் ஒப்புக்கொடுத்தார். இதை மறந்துவிடாதீர்கள், அவருடைய பொறுமையின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

அக்காலத்தில் நமது கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்து, குருக்களைத் துரத்தியிருந்தனர். ஆயர்களின்றிக் கலங்கிய மந்தையைத் தேடி, 1687இல், கூலியாளின் வேடத்தில் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். துணைக்கு வந்தவர் யோவான் என்னும் ஊழியர் ஒருவரே. வந்ததும் வயிற்றுளைவால் துன்புற்றார். பின்பு சில்லாலையிலே மறைந்திருந்து, இரவு நேரங்களில் விசுவாசிகளைச் சந்தித்தார்.

1692இல் அவர் கண்டி இராச்சியத்துக்குள் சென்றபோது சோதனை பிறந்தது. அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், கல்வினின் போதனையைப் பின்பற்றியவர். அவர் அடிகளாரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசனிடம் பழி சொன்னார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அதை நம்பினான். உயிரைப் பணயம் வைத்து வந்த குருவானவருக்குக் கிடைத்தது சிறைவாசம்.

வாசகரே, உங்கள்மீது வீண்பழி சுமத்தப்பட்டால் என்ன செய்வீர்கள்? அந்த மனிதரின் பெயரைக் கேட்டாலே நெஞ்சு கொதிக்குமல்லவா? அடிகளாரோ சிறையிலிருந்தபடியே சிங்கள மொழியைக் கற்றார். தம்மைத் தவறாக எண்ணிய மக்களோடு பேசுவதற்கு அவர்களுடைய பாஷை வேண்டுமே! மெல்ல மெல்லக் காவல் தளர்ந்தது. நாடு வரட்சியால் வாடியபோது, அவர் பீடம் அமைத்து மன்றாடினார். மழை பொழிந்தது என்று வரலாறு சொல்கின்றது. மறையைப் போதிக்க அரசன் உத்தரவு கொடுத்தான்.

ஆனால் அவருடைய பொறுமையின் முழு அளவும் 1697இல்தான் தெரிந்தது. கண்டி நகரைப் பெரியம்மை வாட்டியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றார்கள். பெற்றோரும் பிள்ளைகளும்கூட ஒருவரை ஒருவர் கைவிட்டார்கள். அடிகளாரோ, தம் மருமகனான யோசேவ் கர்வாலியோ குருவானவரோடு அங்கேயே தங்கினார். வெறுமையான வீடுகளிலே நோயாளரைக் கிடத்தி, கஞ்சி ஊட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். கிறிஸ்தவர் யார், பௌத்தர் யார் என்று பார்க்கவில்லை. தம்மைச் சிறையிட்ட நகரம் இதுதானே என்று கணக்கும் பார்க்கவில்லை.

இதற்கு வலிமை எங்கிருந்து வந்தது? அடிமையாகத் தம்மைக் கையளித்தவருக்குக் காப்பாற்ற வேண்டிய சொந்தக் கௌரவம் ஏது? நாமோ பெரும்பாலும் நமது கௌரவம் புண்பட்டதற்காகவே பொறுமை இழக்கின்றோம். அநியாயத்துக்குத் தலையாட்டுவதல்ல பொறுமை. பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாயிருப்பதும் அல்ல. நம்மைப் புரிந்துகொள்ளாதவருக்கு, அவர் புரிந்துகொள்ளும் முன்பே நன்மை செய்துகொண்டிருப்பதே பொறுமை. நம் ஒவ்வொருவரிலும் இறைவன் அப்படித்தானே பொறுமையாயிருக்கின்றார்!

இருபத்துநான்கு வருடங்கள் இம்மண்ணிலே உழைத்து, 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி கண்டியிலேயே அடிகளார் உயிர்நீத்தார். பிறந்த ஊருக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை.

இன்றிரவு குடும்பச் செபமாலைக்கு முழந்தாளிடும்போது, உங்கள் மனத்தை அதிகம் புண்படுத்தியவரின் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் ஒப்புக்கொடுங்கள். நாளைக் காலை வேலியோரத்தில் அவரைக் காணும்போது, நீங்களே முதலில் சுகம் விசாரியுங்கள்.