பாரி கண்ட திருவாவடுதுறையார்

திருமருகலில் 1898 ஆகஸ்டு 27 அன்று பிறந்த பாலசுப்பிரமணியம் என்னும் குழந்தையே பின்னாளில் நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை. தந்தையை இளமையிலேயே இழந்த அவரைத் தாய்மாமன் நடேச பிள்ளை வளர்த்தார். முதலில் கற்றது வாய்ப்பாட்டு. பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம். அதன் பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம். இந்த வரிசையை மறந்தால் அவர் வாழ்வில் பிற்பாடு நேர்ந்தவை விளங்கா.

அந்நாளில் எங்கும் ஒலித்தது திமிரி நாகசுரம். குட்டையான உலவு, நான்கு, ஐந்து கட்டைச் சுருதி. சுவாமி புறப்பாட்டில் கோபுர வாசலில் ஊதினால் வீதியின் கடைசி வீட்டுத் திண்ணைக்கும் கேட்க வேண்டும். தவிலின் முழக்கத்தையும் மீற வேண்டும். அதற்கென்றே பிறந்தது அக்கூர்மை. ஆனால் சுத்த மத்தியமம் அதில் நேராகப் பேசாது. உதட்டாலும் விரலாலும் ஏய்த்துத்தான் வரவழைக்க வேண்டும். பாடிப் பழகிய செவிக்கு அது நாள்தோறும் உறுத்திய முள்.

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாருடன் அமர்ந்து பிள்ளை உருவாக்கச் செய்த பாரி நாகசுரம் அம்முள்ளைக் களைந்தது. உலவு நீண்டது, சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது, துளைகளின் இடம் மாறியது, சுத்த மத்தியமம் தானாகவே வந்தது. இப்பெருமையில் சரிபாதி ஆசாரியாருடையது என்பதை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஐரோப்பாவில் பிரெஞ்சு ஹார்ன் ஊதுவோர், பாஹ் போன்றோர் அமைத்த உச்ச சுரங்கள் பிசகாமல் விழ, வழக்கமான குழாயைப் பாதியாகக் குறுக்கிய தனிக் கருவியைக் கையில் எடுப்பதுண்டு. பிள்ளை நடந்தது எதிர்த்திசை. நீண்ட குழலையே வைத்துக்கொண்டு, மூச்சாலும் சீவாளியின்மேல் உதடு தரும் அழுத்தத்தாலும் தார ஸ்தாயிக்கு ஏறினார். துளைகள் விலகியமையால் விரல்களுக்கும் உழைப்பு மிகுதி. அவருடைய தோடி பாட்டைப் போலவே ஒலித்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கருவியை மட்டுமா மாற்றினார்! ஒத்துக்குப் பதில் தம்பூராவை வைத்தார், கிராப்பு வெட்டினார், ஷெர்வானி அணிந்தார், மேடையில் அமர்ந்தே வாசித்தார். நின்றும் நடந்தும் ஊதி, பிறர் ஏவலுக்குக் காத்திருந்த ஒரு குலத்தார்க்கு அந்த இருக்கை சிறிய செய்தி அன்று. செருக்கு என்றனர் சிலர். 1940-இல் வெளிவந்த ‘கவி காளமேகம்’ படத்தில் புலவராகவே நடித்தார். அதற்கு உரையாடலும் பாடல்களும் எழுதியவர் பாவேந்தர் பாரதிதாசன். 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார்.

அரங்கும் ஒலிபெருக்கியும் பாரிக்குத் துணை நின்றன. காருகுறிச்சி அருணாசலம் போன்ற சீடர்கள் அவர் வழியைத் தொடர்ந்தனர். திமிரி மெல்ல ஒதுங்கியது. திறந்த வெளியில் அதன் வீச்சு பாரிக்கு இல்லை என வருந்துவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் காய்ந்த ஆச்சா உத்தரங்களைத் தேடி வாங்கித்தான் அவ்வூர் ஆசாரிகள் உலவு கடைகின்றனர்.