மால்குடியும் மறுவுலகும்

கனவில் அரசாண்டவன் விழித்தெழுந்ததும் பானையில் சோறு இருக்கிறதா என்று பார்க்கிறான். இவ்வுலகம் ஒன்றுதானா, இதன் அருகே வேறோர் உலகமும் உண்டா என்னும் கேள்வி மிகப் பழையது. தத்துவ ஞானிகள் அதனை வாதத்தால் ஆராய்ந்தனர். கதாசிரியர்களோ அந்த மறுவுலகிலேயே குடியேறிப் பார்த்தனர். அவ்வாறு இரண்டு மறுவுலகங்களோடு வாழ்ந்த ஒருவர், நாம் கல்வி பயிலும் இதே மைசூரில் இருந்தார். ஒன்று அவரே படைத்தது. மற்றொன்று அவர் கண்டதாக நம்பியது. அவர்தாம் ஆர். கே. நாராயண்.

ராசிபுரம் கிருஷ்ணசுவாமி ஐயர் நாராயணசுவாமி என்பது அவருடைய முழுப்பெயர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமையாசிரியர். பணியின் பொருட்டு ஊர் மாறுவது வழக்கமாகையால், பிள்ளை புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தான். விளையாட்டுத் துணை ஒரு மயிலும் ஒரு குரங்கும்! பின்னர் தந்தையார் மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளிக்கு வரவே, மகனும் இவ்வூரை அடைந்தார்.

ஆங்கில எழுத்தால் உலகப் புகழ் பெறவிருந்தவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்ற பாடம் எது தெரியுமா? ஆங்கிலம்! தேர்வு முடிவை எண்ணி நடுங்கும் நண்பர்கள் ஆறுதல் கொள்வார்களாக. தோல்வி தந்த ஓராண்டு ஓய்வை அவர் வீணாக்கவில்லை. கிடைத்த நூல்களையெல்லாம் படித்துத் தள்ளினார். மகாராஜா கல்லூரியில் 1930இல் பி.ஏ. பட்டம் பெற்றார். சன்னபட்டணத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. சில நாட்களிலேயே அதை உதறிவிட்டு வீடு திரும்பினார். எழுத்தே தொழில் என்று முடிவு செய்துவிட்டார். அந்நாளில் அது பைத்தியக்காரத்தனம் என்றே பலருக்கும் தோன்றியது.

அதே 1930ஆம் ஆண்டில், பெங்களூரில், பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்தார். மனக்கண்ணில் ஒரு சிறிய இரயில் நிலையம் தோன்றியது. அதன் பெயர் மால்குடி. நிலையம் வந்தபின் ஊர் வந்தது. சரயு ஆறு வந்தது. மெம்பி மலை வந்தது. மார்க்கெட் சாலையும் கபீர் தெருவும் வந்தன. தமிழரும் கன்னடரும் தத்தம் ஊர்ச் சாயலை அதில் காணலாம். ஆயினும் எந்த வரைபடத்திலும் அவ்வூர் இல்லை.

அவ்வூரின் முதற்கதையாகிய ‘சுவாமியும் நண்பர்களும்’ பதிப்பாளர் பலரால் திருப்பி அனுப்பப்பட்டது. மனம் நொந்த நாராயண், கையெழுத்துப் படியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பரோ அதை நாவலாசிரியர் கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீனின் முயற்சியால் 1935இல் நூல் வெளிவந்தது. மூழ்கியிருக்க வேண்டிய ஊர் கரையேறியது.

இதற்கிடையே, 1933இல் தமக்கையைக் காணக் கோயம்புத்தூர் சென்றவர், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜம் என்னும் பெண்ணைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். ஜாதகம் பொருந்தவில்லை என்றனர் பெரியோர். அவர் விடவில்லை, திருமணம் நடந்தது. ஹேமா என்னும் பெண் மகவும் பிறந்தது. ஆனால் 1939இல் டைபாய்டுக் காய்ச்சல் ராஜத்தைக் கொண்டு போயிற்று. மணவாழ்வு ஆறாண்டு கூட நிறையவில்லை. குழந்தைக்கு அப்போது மூன்று வயது. நாராயணின் பேனா நின்றது. மால்குடியின் கதவும் அடைபட்டது.

அந்த நிலையில் சென்னையில் ஒரு வழக்கறிஞரின் அறிமுகம் கிடைத்தது. அவர் கண்ணை மூடித் தாளில் பென்சிலை வைத்தால் கை தானே விரைந்து எழுதும். மறைந்தவர்களே அதை எழுதுவிப்பதாகச் சொல்வார்கள். ராஜத்தின் பெயராலும் செய்திகள் வந்தன. நாராயண் அவற்றை நம்பினார். காலப்போக்கில் இடையில் ஒருவரின்றித் தாமே மனைவியோடு தொடர்பு கொள்ள முடிவதாகவும் உணர்ந்தார். 1974இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதனை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த அனுபவத்தை 1945இல் ‘ஆங்கில ஆசிரியர்’ என்னும் நாவலாக்கினார். கல்லூரி ஆசிரியன் கிருஷ்ணன்; அவன் மனைவி சுசீலா. புது வீடு பார்க்கப் போன நாளில் அவளை நோய் பற்றுகிறது, மாண்டு போகிறாள். பிறகு தோட்டக்காரர் ஒருவரின் கைவழியே அவள் பேசுகிறாள். துயரத்தால் மனம் கலங்கியிருக்கும்வரை அவளை அணுக முடியாது என்பதைக் கிருஷ்ணன் மெல்லக் கற்கிறான். இறுதியில் கல்லூரி வேலையை விட்டுவிட்டுச் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறான். அதன் பின்னரே ஓரிரவு அவள் அவன் முன் தோன்றுகிறாள். முற்பாதியைப் போற்றிய வாசகர் சிலர் பிற்பாதியில் தயங்கினர். இல்லறக் கதைக்குள் ஆவியுலகம் எதற்கு என்று கேட்டனர்.

அறிவியல் மாணவனாகிய நானும் இங்கே தயங்கித்தான் நின்றேன். 1853இல் மைக்கேல் பாரடே, ஆவிகள் அசைப்பதாகச் சொல்லப்பட்ட மேசைகளைச் சோதித்தார். அமர்ந்திருந்தோரின் கைகளே, அவர்களும் அறியாமல், மேசையைத் தள்ளின என்று காட்டினார். அவர்கள் பொய்யர் அல்லர். தம் கையின் செயலைத் தாமே அறியாதவர்கள். தானே எழுதும் பென்சிலுக்கும் இவ்விளக்கம் பொருந்தும் என்றே கருதுகிறேன். மறுவுலகம் உண்டு என்பதற்கு இந்நாவல் சான்று ஆகாது.

ஆயினும் கதை நம்மிடம் சான்றை வேண்டி நிற்கவில்லை. மால்குடி இல்லை என்று தெரிந்தே அங்கே இரயிலேறிப் போகிறோம். சுவாமி பள்ளிக்குப் போக அஞ்சினால் நாமும் அஞ்சுகிறோம். அதே ஊரின் எல்லைக்குள்தான் நாராயண் தம் மறுவுலகத்தையும் வைத்தார். படைத்த உலகம், நம்பிய உலகத்துக்கு இடம் கொடுத்தது. நம்பாதவனும் அங்கே நுழைந்து, ஒரு மனிதனின் துயரம் எவ்வாறு தணிகிறது என்று காண முடிகிறது.

மறுவுலகங்களை அளக்க என்னிடம் கருவி ஏதுமில்லை. ஆனால் அங்கே போனவன் திரும்பி வந்தானா, வந்து என்ன செய்தான் என்று கேட்கலாம் அல்லவா? நாராயண் திரும்பினார். மறுமணம் செய்யவில்லை, மகளை வளர்த்து ஆளாக்கினார். அதன் பின் பத்துக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். 1958இல் வந்த ‘வழிகாட்டி’க்கு 1960இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. மாநிலங்களவையில் இடம் பெற்றபோது அவர் பேசியது பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகச் சுமையைப் பற்றி! கிருஷ்ணன் குழந்தைகளிடம் போனான். அவனைப் படைத்தவரும் அவர்களை மறக்கவில்லை. 1994இல் மகள் ஹேமாவையும் இழந்தார். 2001ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

நண்பர்களே! ஊரை விட்டு வந்த நாமும் உள்ளத்தில் ஓர் ஊரைச் சுமக்கிறோம். விடுதி அறையில் கண்ணை மூடினால் அதன் தெருக்கள் தெரிகின்றன. அதிலேயே தங்கிவிட்டால் இங்கே வந்த காரியம் கெடும். அதை மறந்தால் நெஞ்சம் வறளும். போய் வரத் தெரிய வேண்டும். தமிழ் பேசும் இல்லத்தில் பிறந்து, கன்னட மண்ணில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் ஓர் ஊரை எழுப்பிய நாராயணுக்கு அது தெரிந்திருந்தது.

யாதவகிரியில் அவர் கட்டிய வீடு 2011இல் இடிபட இருந்து தப்பியது. 2016 முதல் நினைவு இல்லமாக விளங்குகிறது. மானசகங்கோத்ரியிலிருந்து அது தொலைவில்லை. அடுத்த ஞாயிறன்று, அவர் உலவிய குக்கரஹள்ளி ஏரிக்கரை வழியே நடந்து போய் அதைப் பார்த்து வாருங்கள். மால்குடிக்கு இரயில் இல்லை. அது பிறந்த மனம் வாழ்ந்த வீட்டுக்கு வழி இருக்கிறது.