சக்கரவர்த்தியைக் கேலி செய்த பாட்டுக்காரர்

பாரீஸ் நகரத்தில் ஒரு தையற்காரர் இருந்தார். அவருடைய பேரன்தான் பெராஞ்சே. பிரான்சு நாடே பாடிய பாட்டுகளை எழுதியவர்.

பிறந்தது 1780-ல். 1789-ல் மக்கள் பாஸ்டில் சிறையைத் தாக்கியபோது, பள்ளிக்கூடக் கூரை மேல் ஏறி நின்று பார்த்தான் சிறுவன்.

பிறகு அவனைப் பெரோன் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அத்தை சத்திரம் நடத்தி வந்தாள். ஒருநாள் பலத்த மழை. இடி அண்டாமல் இருக்க வீடெல்லாம் புனித நீர் தெளித்தாள் அத்தை. இடியோ வாசலில் நின்ற பையன் மேலேயே விழுந்தது! கண் விழித்ததும், அந்தத் தண்ணீரால் என்ன பயன் என்று அத்தையைக் கேட்டானாம். கேலி அவனுடன் கூடவே பிறந்தது போலும்!

அச்சுக்கூடத்தில் வேலை கற்றான். வாலிபனானதும் பாரீசில் வறுமை வாட்டியது. தம் கவிதைகளை நெப்போலியனின் தம்பி லூசியனுக்கு அனுப்பினார் பெராஞ்சே. லூசியன் தமக்கு வரவேண்டிய சம்பளம் ஒன்றையே அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

தம்பி சோறு போட்டார். அண்ணனையோ பெராஞ்சே கேலி செய்தார்!

1812-ல் ருஷ்யாவுக்குப் போன பெரும்படை அழிந்தது. மறுபடியும் ஊர் ஊராகப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். தாய்மார் அழுதார்கள். அப்போதுதான், 1813-ல், 'இவ்தோ ராஜா' என்ற பாட்டு பிறந்தது. அந்த ராஜாவுக்குப் பருத்திக் குல்லாய்தான் கிரீடம். கழுதைதான் வாகனம். நாய்தான் காவற்படை. நன்றாகத் தூங்குவார், அண்டை நாட்டுக்குத் தொல்லை தரமாட்டார். நெப்போலியன் பெயரே பாட்டில் இல்லை. ஆனால் யாருக்குத்தான் புரியாது? கையெழுத்துப் பிரதியாகவே நாடெங்கும் பரவியது.

1815-ல் நெப்போலியன் வீழ்ந்தார். பழைய ராஜ பரம்பரை அரியணை ஏறியது. அவர்களையும் விடவில்லை பெராஞ்சே. எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளிலே எழுதியதால், எழுத்தறியாதவர்களும் பாடினார்கள். 1821-ல் உத்தியோகம் போயிற்று. மூன்று மாதச் சிறை. 1828-ல் ஒன்பது மாதச் சிறை, 10,000 பிராங்கு அபராதம். அபராதப் பணத்துக்கு மக்களே வசூல் செய்தார்கள்.

இதிலே ஒரு விபரீதமும் உண்டு. ராஜாக்கள் மேல் இருந்த வெறுப்பில், செத்துப்போன நெப்போலியனைப் புகழ்ந்து பாட ஆரம்பித்தார் பெராஞ்சே. சக்கரவர்த்தியைக் கண்ணால் கண்ட பாட்டி ஒருத்தி, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதாக ஒரு பாட்டு. கேட்டவர்கள் உருகினார்கள். போரில் மாண்ட பிள்ளைகளை மறந்தார்கள்.

அந்த ஏக்கத்தின் பலனை அனுபவித்தவர் நெப்போலியனின் அண்ணன் மகனோ தம்பி மகனோ என்று பாமரர் கேட்கவில்லை. பெயர் ஒன்றே போதுமாயிருந்தது. லூயி நெப்போலியன் 1848-ல் ஜனாதிபதியானார். 1852-ல் சக்கரவர்த்தியே ஆனார்.

1848-ல் மக்கள் பெராஞ்சேயைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அவரோ ராஜிநாமா செய்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

1857 ஜூலை 16-ந் தேதி அவர் இறந்தார். சவ அடக்கத்தை அரசாங்கமே ஏற்று நடத்தியது. கலகம் மூளுமோ என்ற பயத்தில், வழி நெடுகப் பட்டாளத்தை நிறுத்தியிருந்தார்கள்.